பண்ணைக்கு வந்த நாய்க்குட்டி: எதைக் கடிக்கக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

தோட்டக் காவலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நாய்க்குட்டி வாங்கும் விவசாயிகள் பலரும் முதலில் கேட்பது தீவனத்தைப் பற்றி, அடுத்து தடுப்பூசியைப் பற்றி. விளையாட்டுப் பொருளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது பட்டணத்து வீடுகளில் செல்லமாக நாய் வளர்ப்பவர்களின் சமாச்சாரம் என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் குட்டிக்கு நாம் எதையும் கொடுக்காவிட்டால், தனக்கு வேண்டியதை அது தானே எடுத்துக்கொள்ளும். பண்ணையில் அது எடுத்துக்கொள்ளக் கிடைப்பவை சொட்டுநீர்க் குழாய், உரச் சாக்கு, மோட்டார் ஒயர், காலி மருந்து டப்பா ஆகியவைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடு வளர்ப்புப் பயிற்சி முடிந்து கிளம்பும்போது, ஒரு விவசாயி தன் குட்டியைப் பார்க்கும்படி அழைத்தார். நான்கு மாதக் கன்னி இனக் குட்டி. இரண்டு நாளாக வாந்தி, தண்ணீர் குடித்தாலும் தங்கவில்லை, சாணமும் போகவில்லை. கால்நடை மருத்துவர் அறுவை செய்து பார்த்தபோது, உரச் சாக்கின் வாயைத் தைக்கும் நூல் குடலுக்குள் கிடந்தது. சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் துணி மடிவது போல அந்த நூலின் மேல் குடல் மடிந்து, இரண்டு இடங்களில் அறுந்திருந்தது. குட்டி பிழைக்கவில்லை. “சாக்கை இழுத்து விளையாடுதுன்னு நாங்களே சிரிச்சுக்கிட்டு இருந்தோம் சார்” என்றார் அவர். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பேச்சுதான்.

குட்டி ஏன் கடிக்கிறது?

நாய்க்குட்டிக்கு மூன்று வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் 28 பால் பற்களும் வந்துவிடும். மூன்றரை, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கி, ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் முளைத்து முடியும். இந்த மூன்று, நான்கு மாதங்கள்தான் ஈறு நமநமக்கும் காலம். கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கும். கடித்த பொருளில் லேசாக ரத்தக்கறை தெரிந்தாலோ, தரையில் அரிசி போன்ற பல் கிடந்தாலோ பயப்பட வேண்டாம். பெரும்பாலான பற்களைக் குட்டி விழுங்கிவிடும், அதனாலும் கெடுதல் இல்லை.

கடிப்பதற்குப் பல் முளைப்பது மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்ட குட்டி சலிப்பில் கடிக்கும். அந்தச் சங்கிலியையே கடித்து நிலைப் பல்லை உடைத்துக்கொண்ட நாய்கள் உண்டு. தாகத்தாலும் கடிக்கும். சொட்டுநீர்க் குழாயைக் குட்டி கடிக்கிறது என்று வருகிற புகார்களில், அருகில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தமும் ஈர வாசனையும் குட்டிக்குத் தெரியும். ஒருமுறை கடித்துத் தண்ணீர் பீறிட்டால் அதற்குப் பிறகு அதுவே விளையாட்டாகிவிடும். ஆகவே கடைக்குப் போகும் முன், நிழலில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். லேட்டரல் குழாய் சேதத்தில் ஒரு பங்கு இதிலேயே குறைந்துவிடும்.

முதல் விதி: பண்ணைப் பொருளைப் போல இருக்கக் கூடாது

பழைய செருப்பைக் குட்டிக்குக் கொடுக்கிறோம். புதுச் செருப்பைக் கடித்தால் அடிக்கிறோம். பழையது எது, புதியது எது என்று குட்டிக்குத் தெரியாது. செருப்பு கடிக்கும் பொருள் என்பதை மட்டுமே அது படித்துக்கொள்கிறது.

செருப்பு போனால் நூறு, இருநூறு ரூபாயோடு போகும். மற்றவற்றை யோசித்துப் பாருங்கள். காலித் தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு, உள்ளே தீனி போட்டு உருட்டவிடும் முறையைப் பலரும் சொல்கிறார்கள். பட்டணத்து வீட்டில் அது சரியாக இருக்கலாம். பூச்சிமருந்து டப்பா கிடக்கும் பண்ணையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளாஸ்டிக் பாட்டிலை உருட்டினால் தீனி வரும் என்று படித்த குட்டி, வரப்பில் கிடக்கும் மருந்து பாட்டிலையும் அப்படியே தூக்கிக் கடிக்கும். அடியில் தங்கியிருக்கும் சில சொட்டு மருந்தே சிறு குட்டியைக் கொன்றுவிடப் போதும்.

கயிறும் அப்படித்தான். தேங்காய் நார்க் கயிற்றிலோ நைலான் கயிற்றிலோ இழுத்து விளையாடப் பழகிய குட்டி, கன்றின் பிடிகயிற்றையும் மாட்டின் மூக்கணாங்கயிற்றையும் இழுக்கப் போகும். மாடு உதைத்தால் குட்டி போய்விடும். பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, நிழல்வலைத் துண்டு, மல்ச்சிங் சீட், டிராக்டரின் பழைய பெல்ட் என்று பண்ணையில் வேலைக்குப் பயன்படும் எதையும் விளையாடக் கொடுக்காதீர்கள். கீச் கீச் என்று சத்தமிடும் பொம்மையையும் புறக்கடைக் கோழி வளர்க்கும் வீட்டில் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. கோழிக்குஞ்சும் அதே போலத்தான் கத்துகிறது. சத்தம் வரும் வரை கடித்து அமுக்கிப் பழகிய குட்டிக்குக் குஞ்சைக் கண்டால் வேறென்ன தோன்றும்?

அளவு, கடினம், உறுதி

பொருள் குட்டியின் வாயை விடப் பெரிதாக இருக்க வேண்டும். வாயை முழுதாகத் திறந்தாலும் கோரைப் பற்களைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. எலுமிச்சை அளவுப் பந்து, கோலிக்குண்டு, புளியங்கொட்டை, மாங்கொட்டை எல்லாம் ஆபத்து. சாத்துக்குடி அளவு இரண்டு மாதக் குட்டிக்குப் போதும். ஆனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற உயரமான இனங்கள் வேகமாக வளரும். இரண்டாம் மாதத்தில் வாயில் பிடிக்க முடியாத பந்து ஐந்தாம் மாதத்தில் தொண்டைக்குள் போகும். பலர் தவறவிடுவது இதைத்தான். மாதம் ஒருமுறை எல்லாப் பொருளையும் குட்டியின் வாயோடு ஒப்பிட்டுப் பார்த்து, சிறுத்துப் போனவற்றை எடுத்துவிட வேண்டும்.

கடினத்தைச் சோதிக்கக் கட்டைவிரல் நகம் போதும். நகத்தை அழுத்தினால் சற்றே பதிய வேண்டும். நகம் பதியாத பொருள் குட்டியின் பல்லுக்கு ஆகாது. கல், மாட்டுக் கொம்பு, லாடம் அடிக்கும்போது சீவிப் போட்ட குளம்பு, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் பல் தெறிக்கும். சிரட்டை உடைந்தால் அதன் கூர்முனை ஈறையும் தொண்டையையும் கிழிக்கும்.

உறுதி என்பது, துண்டு துண்டாகப் பிய்ந்து வரக் கூடாது என்பது. மெத்தென்ற ஸ்பாஞ்ச், தெர்மாகோல், மெல்லிய பிளாஸ்டிக் பொம்மை ஆகியவற்றைக் குட்டி பத்து நிமிடத்தில் பிய்த்து விழுங்கிவிடும். பஞ்சு பொம்மை வாங்கினால், கண்ணாக ஒட்டிய மணி, பொத்தான், கழுத்து ரிப்பன் ஆகியவற்றை வெட்டி எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பஞ்சு வெளியே வந்த நாளிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கடையில் வாங்குவதானால்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், உள்ளே குழியுள்ள கெட்டி ரப்பர் பொம்மையை வாங்குங்கள். குழிக்குள் கெட்டியாகப் பிசைந்த ராகிக் களியையோ, உப்பும் மசாலாவும் சேர்க்காத வேகவைத்த பூசணியையோ அடைத்துக் கொடுத்தால், நக்கியும் கடித்தும் அரை மணி நேரம் ஓரிடத்தில் கிடக்கும். இந்த வகைப் பொம்மை பிறந்த கதை நம் பண்ணைக்காரர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வண்டி பழுது பார்க்கும்போது அவர் ஒதுக்கிப் போட்ட ரப்பர் உதிரிப் பாகத்தைப் பிடித்துக்கொண்டு அது விடவில்லை. அதைப் பார்த்துத்தான் ‘காங்’ பொம்மையை 1970-களில் அவர் உருவாக்கினார். அதற்காக நீங்களும் வண்டியின் உதிரிப் பாகத்தைக் கொடுக்க வேண்டாம். நம் வீட்டில் கிடக்கும் ரப்பரில் கிரீஸும் ஆயிலும் ஊறியிருக்கும்.

குட்டிகளுக்கான மென்மையான ரப்பர், பெரிய நாய்களுக்கான கெட்டி ரப்பர் என்று தனித்தனியாக வரும். பால் பல் உள்ள வரை மென்மையானது, நிலைப்பல் வந்தபின் கெட்டியானது. முகர்ந்து பார்த்தால் நெடி அடிக்கும் பொருளையும், ஈரத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டும் பொருளையும் வாங்க வேண்டாம்.

டென்னிஸ் பந்து எளிதில் கிடைக்கிறது. எறிந்து பிடிக்கலாம், கடிக்க விடக் கூடாது. அதன் மேலுள்ள ரோமத்தில் மண் ஒட்டினால் உப்புக் காகிதம் போலப் பல்லைத் தேய்க்கும். ஓரம் பிய்ந்தால் உள்ளே இருக்கும் ரப்பரையும் விழுங்கும். சைக்கிள் டயர் வேண்டவே வேண்டாம். அதன் விளிம்பில் இரும்புக் கம்பி ஓடுகிறது.

தோலில் செய்த மெல்லும் குச்சி, முடிச்சுப் போட்ட தோல் எலும்பு ஆகியவை கடைகளில் தொங்குகின்றன. ஊறிய தோல் பெரிய துண்டாக வழுக்கித் தொண்டைக்குள் போய் அடைக்கும். வயிற்றுக்குள்ளும் உப்பும். அந்தக் காசில் இரண்டு கிலோ கேரட் வாங்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பழைய பருத்தி வேட்டியோ துண்டோ போதும். கலப்பு நூல் சேலை, நைலான் துணி வேண்டாம், அவை நீள நூலாக உரியும். வேட்டியை நான்கு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, மூன்று பட்டைகளைச் சேர்த்துச் சடை போலப் பின்னி, இரு முனைகளிலும் நடுவிலும் பெரிய முடிச்சுப் போடுங்கள். ஒரு முழ நீளம் இருந்தால் ஒரு முனை நம் கையிலும் மறுமுனை குட்டியின் வாயிலும் இருக்கும், நம் விரல் தப்பும். நூல் உரியத் தொடங்கியதும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பின்னிக்கொள்ளலாம். செலவு எதுவும் இல்லை என்பதால் தூக்கிப் போட மனம் வரும், அதுவே இதன் பெரிய நன்மை.

ஈறு வீங்கியிருக்கும் நாட்களில், தடித்த சிறு துண்டை நனைத்து, பிழிந்து, முடிச்சுப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் பகுதியில் ஒரு மணி நேரம் வைத்துக் கொடுங்கள். பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணியும் இதம் தரும். முழுக் கேரட்டும் நல்லது. ஆனால் பெரிய கேரட்டாக, நம் கண் முன்னால் கொடுக்க வேண்டும். கடைசித் துண்டு விரல் அளவுக்குக் குறைந்ததும் வாங்கிவிட வேண்டும்.

உருட்டி விளையாட மட்டையோடு உள்ள முழுத் தேங்காய் நெற்று நன்றாக இருக்கும். வாய்க்குள் அடங்காது, உடையாது, மூக்கால் தள்ளிக்கொண்டே ஓடும். ஆனால் கடித்து நாரை உரிக்கத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். விழுங்கிய நார் வயிற்றில் பந்தாகத் திரளும். உரித்துப் போட்ட தேங்காய் மட்டையைக் குட்டி பக்கம் விடவே கூடாது.

தேடித் தின்னும் விளையாட்டுக்குப் பொருளே தேவையில்லை. ஒரு மூங்கில் கூடையில் பெரிய பழந்துணிகள் நான்கைந்தைச் சுருட்டிப் போட்டு, இடையிடையே அன்றைய தீனியின் ஒரு பங்கை ஒளித்து வையுங்கள். குட்டி மூக்கால் துழாவித் தேடும். காவல் நாய்க்கு மூக்குதான் ஆயுதம், அதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. வைக்கோலில் ஒளிக்க வேண்டாம், சுணை மூக்கிலும் காதிலும் ஏறும்.

எத்தனை பொருள் வேண்டும்? நான்கைந்து போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டால் மூன்றாம் நாள் எதையும் சீண்டாது. இரண்டை வெளியே வைத்து, மற்றவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையதே புதியதாகத் தெரியும்.

எலும்பு கொடுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் மிஞ்சிய எலும்பு நாய்க்கு என்பது நம் ஊர் வழக்கம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். வெந்த ஆட்டு எலும்பும் சிதறி, மலக்குடலில் சிமெண்ட் போல இறுகும். பச்சை எலும்பு பிளப்பது குறைவு, ஆனால் பால் பல்லும் புதுப் பல்லும் அதில் உடையும். வளரும் குட்டிக்கு இரண்டுமே வேண்டாம்.

ஆட்டு ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாக எறிவது இன்னும் மோசம். அவற்றில் நீர்க்கட்டிகள் இருந்தால், அதன் வழியாக நாயின் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் சாணத்தில் வெளியேறும் முட்டை நம் ஆடுகளுக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் போகும். பிள்ளைகளின் ஈரலில் கட்டி வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் தெரியவரும்.

மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். அறுவடைக் காலத்தில் குவியல் குவியலாகக் கிடக்கும். குட்டி ஆசையாகத் தூக்கிக்கொண்டு ஓடும், பார்க்க நல்ல விளையாட்டாகத் தெரியும். அது செரிக்காது, விழுங்கிய துண்டு சிறுகுடலில் தக்கை போல அடைத்துக்கொள்ளும். மக்காச்சோளம் பயிரிடுவோர் குவியலைக் குட்டி எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

பிண்ணாக்கும் எலி மருந்தும்

இயற்கை விவசாயம் செய்பவர்கள் ஆமணக்குப் பிண்ணாக்கில் கவனமாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து இல்லாத தோட்டம் என்று குட்டியை அவிழ்த்து விட்டிருப்பார்கள். வாசனைக்காகக் குட்டி மூட்டையைக் கடித்து இழுத்துத் தின்னும், செடிக்கு வைத்ததையும் தோண்டித் தின்னும். எலும்புத் தூளும் சேர்த்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆமணக்குப் பிண்ணாக்கில் உள்ள ரிசின் கொடிய நஞ்சு. அறிகுறி உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், வாந்தியும் ரத்தக் கழிச்சலும் வரும்.

எலி மருந்தில் இரண்டு விதம். துத்தநாக பாஸ்பைடு சில மணி நேரத்துக்குள் வேலை செய்யும். புரோமடையலோன் கட்டி, பிஸ்கட் போல இருப்பதால் குட்டி விளையாட்டாகவே தூக்கிச் செல்லும். மூன்று முதல் ஐந்து நாள் வரை குட்டி நன்றாகவே இருக்கும், பிறகு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். தின்றது தெரிந்த அன்றே போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற முடியும். ரத்தம் வரும் வரை காத்திருக்கக் கூடாது.

இந்த நேரங்களில் பால், முட்டை, எண்ணெய் ஊற்றுவது நம் வழக்கம். செய்யாதீர்கள். துத்தநாக பாஸ்பைடு தின்ற குட்டிக்குக் கொழுப்புச் சேர்ந்தால் கேடு கூடும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் தனியாக நஞ்சாக முடியும். மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். துத்தநாக பாஸ்பைடு தின்ற குட்டியின் வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் ஆகாது. வண்டியின் கண்ணாடிகளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி விளையாடுவது

ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் குட்டி தூங்கும். விளையாட்டு ஐந்து, பத்து நிமிடம் வீதம் நான்கைந்து முறை போதும். கோடையில் காலை எட்டு மணிக்கு முன்பும், வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் ஓடவிடுங்கள். உயரமாகத் தூக்கிப் பிடித்துக் குதிக்க வைப்பதைச் சுமார் ஒரு வயது வரை தவிர்க்க வேண்டும். நீளக்கால் இனங்களுக்கு எலும்பு முனைகள் முற்ற அவ்வளவு காலம் ஆகும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள். பந்தை எறிந்து துரத்த வைக்கும் விளையாட்டையே எப்போதும் ஆடினால், ஓடும் எதையும் துரத்தும் குணம் முற்றும். பட்டியில் ஆட்டுக்குட்டியும் முற்றத்தில் கோழியும் இருக்கும் வீட்டில், தேடும் விளையாட்டையும் கடிக்கும் பொருளையும் கூடுதலாகக் கொடுங்கள், துரத்தலைக் குறையுங்கள். மூன்று வாரம் முதல் மூன்றரை மாதம் வரை குட்டி எதையும் எளிதில் பழகும் காலம். இந்த நாட்களில், தீனி அடைத்த ரப்பர் பொம்மையைக் கொடுத்து, ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் கயிற்றில் பிடித்து உட்கார வையுங்கள். ஆடு ஓடினாலும் தனக்கு வேலை பொம்மையோடுதான் என்று பழகும். முயல் பிடிக்கப் பழக்குகிறேன் என்று யாராவது கேட்டால், அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதை நினைவூட்டிவிடுங்கள்.

வாயில் இருப்பதைப் பிடுங்காதீர்கள். பிடுங்கப் பிடுங்க, அவசரமாக விழுங்கவும் உறுமவும் பழகும். கைநிறையத் தீனியைக் காட்டி, குட்டி வாயைத் திறக்கும்போது “விடு” என்று சொல்லுங்கள். கொடுத்ததும் பொம்மையைத் திருப்பிக் கொடுங்கள். பத்து நாளில் சொல் மட்டுமே போதும் என்றாகும். பின்னாளில் செத்த எலியையோ மருந்து டப்பாவையோ வாயில் கவ்விக்கொண்டு வரும்போது, அந்த ஒரு சொல்தான் அதன் உயிரைக் காப்பாற்றும்.

விரலைக் கடிக்கவிட்டு விளையாடுவதை வீட்டில் யாரும் செய்யக் கூடாது. பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். “குட்டிதானே, விளையாட்டாகப் பல் பட்டது” என்று விட்டுவிடுவது வெறிநோய் விஷயத்தில் பெரிய தவறு. குட்டிகளுக்கும் வெறிநோய் வரும், தெருவில் எடுத்து வந்த குட்டியாக இருந்தால் அதன் தாயை எது கடித்தது என்று நமக்குத் தெரியாது. பல் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கு தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். ஊசியை முதல் தவணையோடு நிறுத்திவிடவும் கூடாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மீண்டும், பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும்.

பொருள்களைச் சுத்தம் செய்தல்

அக்கம்பக்கத்து நாயின் பொம்மையை இரவல் வாங்காதீர்கள். பார்வோ என்னும் ரத்தக் கழிச்சல் நோயின் வைரஸ் பொருளிலும் மண்ணிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். முன்பு ஒரு குட்டி அந்த நோயில் செத்த வீட்டில், அதன் துணிப் பொருள்களை எரித்துவிடுவதே சரி. ரப்பர் பொருளைச் சோப்பில் தேய்த்துக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் காயவைக்கலாம். பினாயில் இந்த வைரஸுக்கு நம்பகமானது அல்ல. பார்வோவுக்கான முதல் தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்துக்குள் போட்டு, 16 வாரம் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தியவர்களின் குட்டிகள்தான் அதிகம் சாகின்றன.

சாதாரண நாட்களில் வாரம் ஒருமுறை சோப்பும் வெயிலும் போதும். மாட்டுக் கொட்டகைச் சாணத்திலும் நாய்ச் சாணத்திலும் புரண்ட பொருளை அன்றே கழுவுங்கள். குட்டிகளின் வயிற்றுப் புழு முட்டைகள் அதில் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டுச் சாப்பிட உட்காரக் கூடாது.

விழுங்கிவிட்டால்

தொண்டையில் அடைத்தால் குட்டி முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், நாக்கு நீலம் பாயும். வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், தெரியாமல் விரலை விட்டால் இன்னும் உள்ளே தள்ளிவிடும். சிறு குட்டியானால் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, இரு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்டுங்கள்.

வயிற்றுக்குள் போனது தெரியவர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, தீனி மறுப்பு, சாணம் போகாமல் முக்குதல், வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்து முனகுதல் ஆகியவை அடையாளம். வாழைப்பழம் கொடுத்தால் வந்துவிடும், விளக்கெண்ணெய் கொடுத்தால் வந்துவிடும் என்று காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். முதல் நாளில் அறுவை செய்தால் பிழைக்கும் குட்டி, மூன்றாம் நாளில் குடல் அழுகிச் சாகும். ஆசனவாயில் நூலோ கயிறோ தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாது, இழுத்தால் குடலை அறுக்கும். தொங்குவதை அப்படியே விட்டு, குட்டி அதைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டு, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வண்டி வசதி இல்லாத ஊர்களில், கால்நடை அவசர ஊர்திக்கான 1962 என்ற கட்டணமில்லாத எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

உரச் சாக்குகளைப் பிரிக்கும்போது தையல் நூலைத் தரையில் போடாமல், ஆணியில் மாட்டிய ஒரு பையில் போட்டு வையுங்கள்.